முனீஸ்வரன் மரத்தில் எஞ்சின் மணி

“டீச்சர், இதுல ஏதோ எழுதியிருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்” என்று அன்னம்மாக்கா என் முன்னால் மணியை நீட்டினார்.

“கோயில் மணிதானே அக்கா?”

“ஆமா. சித்ரா பௌர்ணமி வருதுல்ல, புளி போட்டுத் தேய்ச்சேன். சந்தனம் போனதும் எழுத்துத் தெரியுது. எங்க வீட்டுக்காரர் பேரத்தான் உபயம்னு போட்டிருப்பான்னு நெனச்சேன்.”

“இது இங்கிலீஷ்ல இருக்கு.”

“அப்போ கடைக்காரன் பேரா?”

நான் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

“என்ன டீச்சர், படிச்ச புள்ளைக்கே படிக்க வரலையா?”

“நம்ம கம்பெனி பேரு இருக்கு அக்கா. கீழ, எஞ்சின் நம்பர் ரெண்டுன்னு இருக்கு.”

அன்னம்மாக்கா சிரித்தார். பயம் வந்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரியும்.

1965ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது. ரயில் பாதையை ஒட்டி இருந்த செங்கல் கம்பெனியின் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். என் அப்பா அங்கே கணக்கு எழுதும் கிராணி. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அடுத்த வீட்டில் அன்னம்மாக்காவும், சூளையில் வேலை செய்த அவர் கணவர் மருதப்பன் அண்ணனும், ஆறு வயது லீலாவும் இருந்தார்கள். லீலாவுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. போன வருஷம் லீலாவுக்கும் தொண்டை அடைப்பான் வந்து, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தாள். அப்போது பாதையோர மரத்தடியில் இருக்கும் முனீஸ்வரனுக்கு மணி கட்டுவதாக மருதப்பன் அண்ணன் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தாள். இந்த வருஷம் தை மாதம் மணியும் வந்தது. தேக்கா கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கியதாகச் சொன்னார். அதற்குச் சந்தனம் பூசும் வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். பக்தி என்றுதான் நினைத்திருந்தோம்.

கம்பெனி வாசலில் ஒரு பழைய நீராவி எஞ்சின் நின்றது. லாரிகள் வருவதற்கு முன் செங்கல் இழுத்த எஞ்சின். துண்டுத் தண்டவாளத்தில் நிறுத்தி, மேலே தகரக் கூரை போட்டு, வெள்ளைக்கார மேனேஜர் அதைச் செல்லப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். முதலில் அதன் விசில் காணாமல் போனது. பிறகு மணி. எஞ்சினில் இருந்தவரை அந்த மணிக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தது. அதனால் மரத்தில் மின்னிய பித்தளை மணியை யாரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பழி முழுவதும் காவல்காரர் பெர்னார்ட் மேல் விழுந்தது. மாதக் கடைசிக்குள் மணி கிடைக்காவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பெர்னார்டுக்கு நான்கு பிள்ளைகள்.

“திருடுனவன் தேக்காவுல வித்திருப்பான்” என்றார் அன்னம்மாக்கா. “இவரு தெரியாம வாங்கியிருப்பாரு. கடைக்காரன்கிட்டயே கேட்டுருவோம். வாங்க டீச்சர்.”

மணியின் நாக்கைத் துணியால் கட்டி, துண்டில் சுற்றி, பிரம்புக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். சில வாரங்களுக்கு முன்தான் ஆர்ச்சர்ட் ரோட்டில் குண்டு வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். மடியில் உருண்டையாக, கனமாக எதை வைத்திருந்தாலும் மற்றவர்கள் பார்க்கும் நேரம் அது. எதிரே இருந்த சீனக் கிழவர் கூடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியபோது துணி நழுவி மணி ‘டங்’ என்றது. டிரைவர் உடனே பிரேக் போட்டார்.

“யாரு பெல் அடிச்சது? இங்க ஸ்டாப் இல்ல லா!” என்று கண்டக்டர் கத்தினார்.

அக்கா கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

பாத்திரக் கடைக்காரர் மணியைத் தட்டிப் பார்த்தார். “நம்ம கடைச் சரக்கு இல்லம்மா. இங்கிலீஷ் எழுதுன மணிய எந்தச் சாமி கேட்டுச்சு? பழைய சாமான் நாங்க வாங்குறதும் இல்ல, விக்கிறதும் இல்ல. திருட்டுச் சாமான் விக்கிற சுங்கை ரோட்டுல போய்க் கேளுங்க.”

சுங்கை ரோடு கூப்பிடு தூரம். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “வீட்டுக்குப் போயிரலாம் டீச்சர்” என்றார்.

அன்று இரவு பலகைச் சுவரின் மறுபக்கம் மருதப்பன் அண்ணனும் அக்காவும் பேசியது என் காதில் விழுந்தது.

“எஞ்சினும் ஓடல, மணியும் அடிக்கல. சும்மா தொங்கிட்டுக் கெடந்துச்சு. விசிலு போன மாதிரி இதுவும் எவன் கையிலயாவது போயிருக்கும். சாமிக்குத்தானடி குடுத்தேன்?”

“பெர்னார்ட் அண்ணன் குடும்பத்தோட தெருவுல நிக்கணுமா?”

“அவுத்துக் குடுத்துட்டா? நம்ம புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா?”

லீலா தூக்கத்தில் இருமினாள். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம், மருதப்பன் அண்ணன் சூளைக்குப் போன பிறகு, அக்கா என்னைக் கூப்பிட்டார். டீச்சர் கூட வந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். கூடையில் மணிக்கு மேல் முருங்கைக்கீரை பரப்பியிருந்தது. பெர்னார்ட் காவல் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, கீரை யாவாரம் ஆரம்பிச்சிட்டியா?”

“தூக்கிப் பாருங்கண்ணே. கொஞ்சம் கனமான கீரை.”

தூக்கினார். கீரையை விலக்கினார். சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார்.

“எங்கருந்து?”

“கேக்காதீங்கண்ணே.”

எழுத்துப் பள்ளங்களில் சந்தனம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெர்னார்ட் மரம் இருந்த திசையைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டைவிரல் நகத்தால் அந்தச் சந்தனத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டி எடுத்தார்.

“லாலான் புல்லுக்குள்ள கெடந்துச்சுன்னு தொரைகிட்ட சொல்லிக்கிறேன்” என்றார். “மருதப்பன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. இத்தன நாளும் என் பொண்டாட்டி பிரிஜட், மாதா படத்து முன்னால அழுதுக்கிட்டே கெடந்தா.”

மேனேஜர் நம்பினாரோ இல்லையோ, மணி திரும்ப வந்ததால் பெர்னார்டின் வேலை தப்பியது. அதற்கு மறுபடி கறுப்புச் சாயம் பூசி, புது ஆணி போட்டு எஞ்சினில் முடுக்கினார்கள். மரத்தில் மருதப்பன் அண்ணன் பூஜை அறையில் வைக்கும் சின்ன மணி ஒன்றைக் கட்டினார். மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேண்டுதல் பொருளைக் கழற்றிய கை என்று, அக்கா பரிமாறினால் சாப்பிடவும் மாட்டார். தட்டை லீலாதான் கொண்டுபோய் வைப்பாள்.

அக்கா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம், வாசலில் லீலாவை நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். “ஆ சொல்லு. இன்னும் பெருசா சொல்லு.” பிள்ளை ஒருமுறை செருமினால் போதும், அரிவாள்மணையைப் போட்டுவிட்டு ஓடுவார். “என்னக்கா, பல்லு எண்ணுறீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன். “ஆமா டீச்சர், ஒண்ணு கொறையுது” என்று சிரித்தார். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் லீலாவுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது, மருந்து கொடுங்கள், காலையில் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மருதப்பன் அண்ணன் வீட்டுக்குள் வராமல் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அன்னம்மாக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“டீச்சர், எனக்கு பெர்னார்ட் அண்ணன் மூஞ்சியில முழிக்க முடியல. நீங்க கொஞ்சம் போய்க் கேளுங்க. வெளக்கு வெக்கிற நேரத்துக்கு அந்த எஞ்சின் மணிய ஒரு தடவ அடிக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ. மரத்தடி வரைக்கும் கேக்கும்.”