நாக்கு வால்வும் என் கையெழுத்தும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் குழாய்த் தண்ணீர் ஆபீசில் வால்வு சோதிப்பவனாக இருந்தேன். தெருக்குழாயிலிருந்து ஆலைக்கோ பட்டறைக்கோ இணைப்பு பிரியும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். அதனுள்ளே பித்தளை நாக்கு ஒன்று. தண்ணீர் உள்ளே போகும்போது அது தூக்கிக்கொள்ளும். திரும்பி வரப் பார்த்தால் விழுந்து அடைத்துக்கொள்ளும். அது ஒழுங்காக அடைக்கிறதா என்று பார்ப்பதே என் வேலை. என்னைப் பார்த்ததும் முகம் சுளிக்காத முதலாளியை நான் கண்டதில்லை.

ஒரு நாள் காலை, பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற ஒருவர் செம்பில் தண்ணீரோடு வந்து என் மேசையில் டொக்கென்று வைத்தார். நகரத்தின் தெற்கே ஒரு ரைஸ்மில்லை ஒட்டிய சந்தில் நான்கைந்து முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. அதில் ஒன்று அவருடையது.

"குடிச்சுப் பாருங்க."

"என்ன விஷயம்னு சொல்லுங்க பாய்."

"மொதல்ல குடிங்க. எங்களுக்கு ஊத்துனதுதானே?"

ஒரு வாய் குடித்தேன். நாக்கில் சோப்பைத் தடவியது போல வழுவழுத்தது.

"மத்தியானமானா தெருக்குழாயில வெந்நி வருது. இம்புட்டு நாளும் வெயில்ல குழா காயுதுன்னு நெனச்சோம். இது சோடாக்காரம் போட்ட தண்ணி. பாத்திரம் கழுவக் காரம் கரைக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? எம் பிள்ளைக்கு வாயெல்லாம் வெந்து கெடக்கு. பால் குடிக்க மாட்டேங்குது."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பாய்லரில் உப்புப் படியாமலிருக்க மில்காரர்கள் காரம் போடுவார்கள். நாக்கு அடைக்காவிட்டால், தெருவில் தண்ணீரின் வேகம் குறையும் நேரத்தில் பாய்லர் தண்ணீர் குடிதண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிடும். எட்டு மாதங்களுக்கு முன் அந்த மில்லின் வால்வைச் சோதித்துச் சரி என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். உண்மையில் நான் சோதிக்கவே இல்லை. அன்று முதலாளி என்னை நெல் காயும் களத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்தார், பிறகு, எடுபிடிகள் முன்னால், "பாய்லர் கிட்ட இவனை எவன்டா விட்டது?" என்று கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுச் சோதனை அட்டையை வீசிவிட்டு வந்துவிட்டேன்.

ஈயம் பூசுகிறவரையும் அழைத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். முதலாளி வாசலை மறித்தார்.

"என்னய்யா, கூட்டம் சேத்துக்கிட்டு வந்திருக்க?"

"வால்வைப் பாக்கணும்."

"நீதானே பாத்துச் சரின்னு எழுதுன? இந்தா பாரு." சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது ஒங் கையெழுத்து இல்லையா?"

ஈயம் பூசுகிறவர் அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங் கையெழுத்துதான். நான் அன்னைக்குப் பாக்கல. இன்னைக்குப் பாக்கப் போறேன்," என்றேன்.

முதலாளி என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். நெல் அவித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாய்லர்காரர் மட்டும் முணுமுணுத்தார்: "அண்ணே, வேணாண்ணே. மில்ல மூடுனா நாங்க எங்க போவோம்?"

சோதனை எளிதானது. தெருப்பக்கத்து வால்வை மூடிவிட்டு, அதற்கும் நாக்குக்கும் நடுவிலுள்ள சிறு குழாயைத் திறக்க வேண்டும். நாக்கு சரியாக இருந்தால் நாலு சொட்டு சிந்தி நின்றுவிடும். நான் திறந்ததும் நாலு சொட்டு குளிர்ந்த நீர் வந்தது. பின்னாலேயே கொதிநீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றுவிட்டது. ஆவி அடங்கியபோது எல்லோரும் தள்ளி நின்றிருந்தார்கள். முதலாளி பாய்லர்காரரின் கன்னத்தில் அறைந்தார், ஏதோ அந்த ஆள்தான் தண்ணீரைத் திருப்பி விட்டது போல.

அப்போதே இணைப்பைத் துண்டித்தேன். மறுநாள் பாய்லர் ஆறியபின் வால்வைத் திறந்தோம். நாக்குக்கு அடியில் கட்டை விரல் பருமனுக்கு உப்புக்கட்டி ஏறி, அதை விழவிடாமல் பிடித்திருந்தது.

தல்லாகுளத்திலிருந்த மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தபோது என் பொய்யையும் எழுதினேன். "இந்த வரிய எடுத்திருய்யா, ஆபீசுக்கே அசிங்கம்," என்றார். மாட்டேன் என்றேன். வால்வு சோதனையிலிருந்து என்னை நீக்கி, பள்ளம் தோண்டும் ஆட்களை மேய்க்கப் போட்டார்கள். மில்லுக்கு, திறந்த தொட்டியில் உயரத்திலிருந்து தண்ணீர் விழும்படி செய்து இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். குழாய் தொட்டித் தண்ணீரைத் தொடாததால் எதுவும் திரும்பி வர வழியில்லை. மில் மூடிக் கிடந்த நாட்களில் கூலி போன பெண்கள் என்னைத் தெருவில் கண்டால் காறித் துப்பினார்கள்.

கையில் கட்டோடு ஒரு நாள் அந்தச் சந்துக்குப் போனேன். குழந்தை பால் குடிக்கத் தொடங்கிவிட்டதென்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஈயம் பூசுகிறவர் கரி உலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மன்னிச்சுக்கங்க பாய். அன்னைக்கு வெயில்ல நிக்க வச்சுட்டாங்க, கோவத்துல பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எட்டு மாசம் குடிச்சோம். வெயில் தாங்கலைன்னு நீங்க போயிட்டீங்க," என்றார். "எனக்கு வேல கெடக்கு."

துருத்தியை அழுத்தினார். நான் இன்னும் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.