உலகம்மாள் கேட்ட இடது கால்

இடது கை, அரக்குப் படுகையில் பதித்த வெள்ளித் தகட்டின் மேல் மொட்டை உளியைப் பிடித்திருந்தது. வலது கை சிறு சுத்தியலால் அதைத் தட்டித் தட்டி நகர்த்தியது. முட்டு புடைத்தது, கணுக்கால் புடைத்தது. விரல்களுக்கு வந்ததும் இரண்டு கைகளும் நின்றன. ஆள் குனிந்து தன் சொந்தக் கால் விரல்களை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் உளி பெருவிரலைத் தொட்டது.

பகவதிப்பெருமாள் வழக்கமாக இப்படிக் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், இரும்புக் கடைகளுக்கு இடையில் ஒடுங்கிய பட்டறை அவருடையது. நேர்ச்சைக்கு, கோயில் வேண்டுதலுக்கு, வெள்ளித் தகடு அடிப்பது தொழில். கண் வலித்தவர்களுக்குக் கண், காது அடைத்தவர்களுக்குக் காது, காய்ச்சல்காரனுக்கு முழு ஆள். ஒருத்தி மாமியாருக்காக ஒரு நாக்கு வேண்டும் என்று வந்தபோது, "சின்னதா போதுமா, உள்ள நீளத்துக்கே வேணுமா?" என்று கேட்டவர். ஊர்க் கஷ்டமெல்லாம் அவர் பட்டறை வழியாகத்தான் கோயிலுக்குப் போனது. அவர் மட்டும் போனதில்லை. கேட்டால், "மருந்துக்கடைக்காரன் டாக்டர் வாசல்ல போயா நிக்கான்?" என்பார்.

எழுபத்திரண்டாம் வருஷத்து மாசியில் உலகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் தாணு, தம்பானூரில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். இடது முட்டு வீங்கிக் கல்லுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. சித்திரை பிறக்குமுன் நேராக நிற்காவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். உலகம்மாள் கரமனை ஆற்றங்கரை இசக்கியம்மனுக்கு ஒரு கால் நேர்ந்திருந்தாள்.

அவள் அழுகையை நிறுத்தப் பகவதிப்பெருமாள், "காலோட தோசைக்கல்லையும் சேத்து அடிச்சிரட்டா? அம்மனுக்கு ஆள் தெரியணும்லா" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே தகட்டில் இடது காலைக் கீறினார். அங்கேதான் பிசகியது. தகட்டை அடிப்பது பின்பக்கமிருந்து. பின்னால் இடது என்றால் முன்னால் வலது. உளி பிடித்த நாள் முதல் மறக்காத பாடம், ஒரு சிரிப்பில் மறந்துபோயிற்று.

காலை அம்மனுக்குச் சாத்தியும், பங்குனி பாதியிலும் வீக்கம் வற்றவில்லை. உலகம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அம்மன் சூலத்துல தொங்குறது வலது காலாக்கும். பெருவிரலப் பாத்துட்டுத்தான் வாறேன்."

"எந்தக் காலுன்னு அம்மனுக்குத் தெரியாதா?"

"அவளுக்கு எத்தன பேரு காலு. குடுத்ததப் பாத்துத்தானே செய்வா. நல்லா இருக்கப்பட்ட காலுக்குக் காவல் நிக்கா, நொந்த காலு அப்படியே கெடக்கு."

"செரி, வேற அடிச்சுத் தாறேன்."

"அது பின்ன. முதல்ல நீங்க வந்து, தப்பு ஒங்களுதுன்னு அவகிட்டச் சொல்லணும். நான் மாத்திச் சொல்லிட்டேன்னு அவ நெனச்சிரப்படாது."

போனார். கைகளைக் கூப்புவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நடையில் நின்று, "தப்பு என்னுது. இவ சொன்னது இடது" என்று தன் இடது தொடையைத் தட்டிக் காட்டினார்.

உலகம்மாள் அவர் காதருகே, "அவ எதிர்த்தாப்புல இருக்கா அண்ணாச்சி. அவளுக்கு அது வலப்பக்கம்லா" என்றாள்.

பகவதிப்பெருமாளுக்கு நியாயமாகப் பட்டது. திரும்பி, அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது காலைத் தூக்கினார். பூசாரி திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மறுபடி நடையைப் பார்த்துத் திரும்பியபோது அவரிடம் விளையாட்டு இல்லை. கண்ணை மூடி, உதட்டுக்குள், அந்த மனுஷன் வேலை போய்விடக் கூடாது என்று கேட்டார். என் சிரிப்புக்கு அவன் சோறு போகவேண்டாம் என்றும் கேட்டார்.

"என்னத்த முணுமுணுத்தீய?" என்றாள் உலகம்மாள் வெளியில் வந்ததும்.

"தொழில் விசயம்."

இன்று இரண்டாவது காலில் கடைசி விரலும் எழும்பியது. அரக்கை உருக்கித் தகட்டை எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தபோது உலகம்மாள் வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அண்ணாச்சி, முதலாளி அவியள உக்காந்து தேங்கா துருவச் சொல்லிட்டாரு. முட்டு வத்துன பெறவு கல்லு அவியளுக்குத்தானாம்."

"அப்பம் இந்தக் காலு வேண்டாம். உருக்கி அடுத்தாளுக்கு மூக்கு அடிச்சிருவேன்."

"நல்லாருக்கே. வலது காலக் குடுத்ததுக்கே உக்கார எடம் தந்திருக்கா. இடதக் குடுத்தா நிக்க வைக்க மாட்டாளா?"

பகவதிப்பெருமாள் வெள்ளிக் காலின் ஈரத்தைத் துடைத்தார். சிவப்புத் தாளில் தகட்டைச் சுற்றினார். அவள், "பிரியுங்க" என்றாள். பிரித்தார். சேலையைக் கணுக்கால் வரை தூக்கித் தன் இடது பாதத்தை முன்னால் வைத்தாள். அவரும் தன் இடது பாதத்தைப் பக்கத்தில் வைத்தார். தகட்டோடு பெருவிரலுக்குப் பெருவிரல் பார்த்தாயிற்று. உலகம்மாள் முந்தானையை ஏந்தினாள். அவர் வெள்ளிக் காலை அதில் வைத்தார்.