மூன்றாம் நாள் ஸலாம்

எங்கள் வீட்டில் கோபத்துக்கு ஒழுங்கான நடைமுறை இருந்தது. வாப்பா அதை மார்க்கத்திலிருந்து எடுத்திருந்தார். நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தும் தீராவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் அடங்காத கோபத்தை, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூச் செய்து தண்ணீரில் அணைக்க வேண்டும். ஆகவே வாப்பாவின் கோபம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அவர் குரலைக் கேட்டு ஊகிக்கத் தேவையில்லை. கதவு இடுக்கால் எட்டிப் பார்த்து, அவர் நிற்கிறாரா, இருக்கிறாரா, கிடக்கிறாரா என்று கண்டுகொண்டால் போதும்.

கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்கும் கால எல்லை உண்டு. மூன்று நாள். அதற்கு மேல் ஒருவர் மற்றவருடைய முகம் பாராமல் இருப்பது ஆகாது. முதலில் ஸலாம் சொல்பவரே மேலானவர். பிற்காலத்தில் நான் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து எத்தனையோ சுற்றுநிருபங்களைப் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்றையும் காணவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, வாப்பா தன் நானாவோடு, அதாவது என் பெரியப்பாவோடு, கோபித்துக்கொண்டார். காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. உம்மா கேட்டதற்கு, “ஒண்டுமில்ல” என்று சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். நின்றவர் உட்கார்ந்ததால் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கியது.

அது பெரியப்பாவின் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அடுத்த நாள். மாப்பிள்ளை வீட்டார் கலஹாவிலிருந்து வாடகை பஸ்ஸில் வந்திருந்தார்கள். எங்களவர் விருந்தில் தனித்தனிச் சோற்றுக் கோப்பை கிடையாது. சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, கோழியும் இறைச்சியும் வைத்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். யாரை யாரோடு இருத்துவது என்பதைக் கல்யாண வீட்டுக்காரர் வாசலில் நின்று தீர்மானிப்பார். முதல் சஹனில் மாப்பிள்ளையின் வாப்பா, மவ்லவி, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள். பெண்ணின் சாச்சாவான என் வாப்பாவுக்கு அங்கே ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். அவர் தபால் கந்தோரில் தலைமை இலிகிதர், எழுத்தர் எல்லோருக்கும் மேல். அன்றைக்குப் புதுச் சட்டை வேறு.

பெரியப்பா அவருடைய கையைப் பிடித்து, முதல் சஹனைத் தாண்டி, நடுச் சஹன்களையும் தாண்டி, பந்தலின் கடைசி மூலைக்குக் கூட்டிப்போய், “தம்பி, நீங்க இதில இரிங்க” என்றார். அந்தச் சஹனில் பஸ் டிரைவர், படம் பிடிக்க வந்தவர், மின்விளக்குப் போட வந்தவர், யாருடைய சொந்தக்காரர் என்று இரு பக்கத்தாருக்கும் தெரியாத ஒரு கிழவர் ஆகியோர் இருந்தார்கள். ஐந்தாவது வாப்பா. ஆறாவது, இன்னும் ஆண்கள் பக்கம் போக அனுமதியுள்ள வயதில் இருந்த நான்.

என் அபிப்பிராயத்தில் அந்தப் பந்தலிலேயே மிகச் சிறந்த சஹன் அதுதான். டிரைவர் தெல்தோட்டைத் தோட்டத்துக்காரர், நெற்றியில் திருநீறு. மாட்டிறைச்சித் துண்டுகள் தன் பக்கம் வரவர, “நமக்கு இது ஆகாதுங்க. பாப்பா, நீ சாப்புடு” என்று எல்லாவற்றையும் விரலால் என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமற்போன கதையைச் சொல்லி, சோற்றிலேயே வளைவுகளைக் கீறிக் காட்டினார். வாப்பா மட்டும் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தடவை முதல் சஹனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னிடம் கேட்டார்: “அந்த டிரைவர் நல்ல மனிசன்தானே?”

“ஓ.”

கொஞ்ச தூரம் வந்து திரும்பவும், “நல்ல மனிசன்தானே?” என்றார். எங்கள் வீடிருந்த கட்டுகலைக்கு வந்து சேர்வதற்குள் நான்கு தடவை கேட்டுவிட்டார்.

அவருடைய சிக்கல் இதுதான். தொழுகை வரிசையில் முதலாளியும் கூலியாளும் தோளோடு தோள் நிற்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். பெருமை கொண்டவனுக்குச் சுவர்க்கத்தின் வாசனைகூடக் கிடைக்காது என்றும் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் “என்னை டிரைவரோடு இருத்திவிட்டார்கள்” என்று எப்படி வாய்திறந்து சொல்வது? கோபத்துக்கு அவரிடம் மூன்று கட்ட நடைமுறை இருந்தது. மனம் நொந்ததற்கு நிரப்பிக் கொடுக்க ஒரு படிவமும் இருக்கவில்லை. ஆகவே அவர் வாயை மூடிக்கொண்டார். பெரியப்பாவும் என்ன நடந்தது என்று அறியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு, “வா மகள், நீ சாட்சி” என்றார். கொழும்பு வீதியில் பெரியப்பாவுக்குப் புடவைக் கடை இருந்தது. அங்கே போய், வாசற்படியில் நின்று, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார்.

பெரியப்பா உயரமான முக்காலியில் இருந்து அவசரமாக இறங்கினார். “வஅலைக்கும் ஸலாம். வாங்க தம்பி, டீ ஒண்டு குடிப்பம்.”

வாப்பா திரும்பி நடந்தார். ஸலாத்துக்குப் பதில் கடமை; டீக்குப் பதில் கடமையில்லை. இப்படியாக மூன்று நாள் எல்லை மீறப்படாமல், கோபமும் தீர்க்கப்படாமல், அனுமதிப்பத்திரம்போலப் புதுப்பிக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் அரசாங்க உத்தியோகத்தர் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

திரும்பி வரும் வழியில் சந்தையடியில் சொன்னார்: “ஒங்கட பெரியப்பா மெலிஞ்சி போய்ட்டார்.”

“எனக்கு வெளங்கல்லயே வாப்பா.”

“அந்த முக்காலி ஒசரம். அவர்ர முழங்காலுக்கு அது சரிவராது. சென்னா கேக்கிறல்ல.”

சாட்சியாக நியமிக்கப்பட்டபின் நான் சும்மா இருக்கவில்லை. அலுமாரியின் பின்பக்கத்தில் சோக்கட்டியால் நாளுக்கு ஒரு கோடு போட்டேன். மூன்று கோடு விழுந்தால் போக வேண்டும். ஆனால் இரண்டாவது வாரம், இரண்டே கோடு இருக்கும்போது வாப்பா தொப்பியை எடுத்தார்.

“இன்னும் ஒரு நாள் ஈக்கி வாப்பா.”

“கடைசி நாள் வரைக்கும் வச்சிட்டு இருக்கிறது நல்ல பழக்கமில்ல.”

கந்தோர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் போனேன். அதற்குப் பிறகு எல்லாப் பயணமும் இரண்டாம் நாளே நடந்தது. படியில் ஸலாம், உள்ளேயிருந்து டீ, பதில் இல்லை, திரும்பி நடை. வழியில் ஒரு அறிக்கை: இன்றைக்கு இருமுகிறார், இன்றைக்கு முகம் தெளிவு, இன்றைக்குச் சேர்ட் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. அந்த வருடம் பெரியப்பாவுக்கு ஹஜ்ஜுப் பயணம் சரிவந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் சொந்தக்காரர், அயலார் எல்லோருடைய வீட்டுக்கும் போய்த் தன் பிழைகளை மன்னிக்கச் சொல்லிக் கேட்பது எங்களவர் வழக்கம். அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதனே மன்னிக்க வேண்டும், மேல்முறையீடு கிடையாது. பெரியப்பா எல்லா வீட்டுக்கும் போய் முடித்து, கடைசியாக, புறப்படுவதற்கு முந்திய நாள் மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“தம்பி, நான் தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழை எல்லாத்தையும் மாப்பாக்கணும்.”

வாப்பாவும் நின்றுகொண்டிருந்தார். “என்ன பிழை?”

“எல்லாப் பிழையும்தான்.”

“எல்லாம் எண்டு ஒரு பிழை இல்ல நானா. எது எண்டு சொல்லணும்.”

பெரியப்பா யோசித்தார். மக்கத்துக்குப் போகிற மனிதர், கணக்கை ஒளிக்க முடியாது. “சின்னதில ஒங்கட சைக்கிள் களவு போனதே. களவு போகல்ல. நான் ஓடிக்கொண்டு போய் மகாவலி ஆத்தில விட்டுட்டேன்.”

அந்தச் சைக்கிளுக்காக வாப்பா அடி வாங்கியவர். நாற்பது வருடம் ஊரிலுள்ள ஒரு தையற்காரரைச் சந்தேகித்தும் வந்தவர். அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

“இதுவா தம்பி?”

“இதில்ல.”

“அப்ப, ஒங்கட கல்யாணப் பேச்சில பொண்ணு வீட்டாக்களுக்கு ஒங்கட வயசக் கொறச்சிச் சென்னது. அதா?”

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. “எத்தின வயசு கொறச்ச?”

“ஒரு நாலஞ்சி.”

வாப்பா வாங்குப் பலகையில் நீட்டிப் படுத்துக்கொண்டார். முகட்டைப் பார்த்தபடி, “இதுவும் இல்ல” என்றார். உம்மாவின் பக்கத்தில் அது தனிக் கோப்பாகத் திறக்கப்பட்டது. அது பல வருடம் மூடப்படவில்லை.

பெரியப்பா மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தபோது வாப்பா எழுந்து வுழூச் செய்யப் பின்பக்கம் போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பெரியப்பா அந்தச் சத்தத்தைப் பார்த்துச் சொன்னார்: “அல்லாஹ்வுக்காக என்ன எண்டு சொல்லுங்க தம்பி. ரெண்டு மாசமா யோசிக்கிறேன், புடிபடுதில்ல. நான் இப்பிடியே போனா என்ட ஹஜ்ஜு என்னாகிற?” அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் விழுந்தது.

பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. சாட்சி என்ற முறையில் என் கடமையைச் செய்தேன். “டிரைவர் மாமாட சஹன்ல வச்சதுக்கு” என்றேன். பிறகு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக, “ஆனா அது நல்ல சஹன். எனக்கு எறச்சி கூடக் கெடச்சது” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

குழாய் நின்றது. வாப்பா முகம் சொட்டச்சொட்டக் கதவடியில் வந்து நின்றார். களவாகப் பெருமை வைத்திருந்து பிடிபட்டவரின் முகம் அது.

பெரியப்பா அவரையே பார்த்தார். “அதுக்கா? தம்பி, மாப்பிள வீட்டாக்கள் அந்த டிரைவரச் சமையல் பக்கம் இருத்தப் பாத்தாங்க. எங்கட ஊட்டில ஒருத்தரத் தனியா இருத்தித் திங்க வைக்க ஏலுமா? அவரோட மொகம் சுழிக்காமக் கை வைக்கிற ஆள் ஒருத்தர் வேணும். ஒங்களத் தவிர நான் ஆர வைக்கிற?”

“சென்னிருக்கலாமே.”

“ஒங்களுக்குச் செல்லணுமா?”

வாப்பா ஈர முகத்தோடு நானாவைக் கட்டிப்பிடித்தார். “என்ட பிழையையும் மாப்பாக்குங்க நானா” என்றார்.

“என்ன பிழை?”

“எல்லாப் பிழையும்தான்.”

உத்தியோக காலத்தில் நான் நூற்றுக்கணக்கானவர்களிடம் விளக்கம் கோரி, வந்த விளக்கங்களைப் படித்திருக்கிறேன். உண்மையான விளக்கம் தட்டுத் தடுமாறித்தான் வரும். இவ்வளவு வழுவழுப்பாக வருவது பெரும்பாலும் அந்த இடத்திலேயே செய்யப்பட்டது. பெரியப்பாவினுடையது எந்த வகை என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. வாப்பாவும் விளக்கங்களைப் படித்துப் பழகியவர்தான். அவர் ஆதாரம் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போனார். இரண்டாம் நாள் அஸர் முடிந்ததும் வாப்பா தொப்பியை எடுத்தார்.

“எங்க வாப்பா?”

“கடைப் பக்கம்.”

“பெரியப்பா மக்கத்தில. கோவமும் முடிஞ்சி.”

“சும்மா வா.”

கடையில் வேலைக்காரர் மட்டும் இருந்தார். வாப்பா வாசற்படியில் நின்று ஸலாம் சொன்னார். உள்ளே போய் அந்த உயரமான முக்காலியைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தார். வேலைக்காரர் டீ வேண்டுமா என்று கேட்டதற்கு, குடித்தார். திரும்பி வரும் வழியில் அவரிடம் அறிக்கை எதுவும் இருக்கவில்லை.

எனக்கு அது பெரிய ஒழுங்கீனமாகப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் அலுமாரியின் பின்பக்கத்துக் கோடுகளை எல்லாம் அழித்து, இனிமேலாவது பிழை நடக்காமலிருக்க, ‘3’ என்று பெரிதாக எழுதி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று நாள், அதுவும் கோபமாக இருந்தால் மட்டும், என்று விளக்கினேன். வாப்பா கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

அடுத்த நாளே திரும்பவும் தொப்பியை எடுத்தார். மூன்றுவரை எண்ணத் தெரியாத ஒருவரை எப்படித் தலைமை இலிகிதராக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவருக்குப் பின்னால் நடந்தேன்.