மடக்க மறந்த விரல்

நெட்டக்கா பிறந்தபோதே தொட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தாளாம். நம்பாதவர்கள் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்ளலாம். அங்கே ட்யூப்லைட் மாற்ற ஏணி தேட மாட்டார்கள், அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூடைப்பந்தைத் தேடி அவள் போகவும் இல்லை. தலைக்குப் பக்கத்தில் கூடை இருந்தது, போட்டாள்.

முழங்கால் மக்கர் பண்ணும்வரை நகரத்துப் பெண்கள் அணியில் சம்பளத்துக்கு ஆடினாள். பிறகு அதே அணியில் உதவிக் கோச். பந்துக்குக் காற்றடிப்பாள், எதிரணியின் ஆட்டத்தை வீடியோவில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போவாள், ஆட்டத்தை நிறுத்திப் பெண்களோடு பேச இன்னும் எத்தனை டைம் அவுட் மிச்சம் என்று நடுநடுவே பெரிய கோச்சின் காதில் ஓதுவாள்.

பெரிய கோச்சுக்குப் பெண்கள் வைத்த பெயர் 'யாரால'. தோற்ற நாளெல்லாம் உடை மாற்றும் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "இன்னிக்கு யாரால?" என்று கேட்பார். ஒருத்தி பெயர் வந்தால்தான் நகர்வார். அதனால் கடைசி நிமிடத்தில் பந்து, அடுப்பிலிருந்து துணியில்லாமல் இறக்கிய பாத்திரம் மாதிரி கைக்குக் கை தாவும். கூடையைப் பார்த்து எறிய ஒருத்திக்கும் துணிச்சல் வராது.

அந்த மனிதர் போட்டிப் பருவத்தின் பாதியில் வேறு அணிக்குத் தாவினார். அணியின் முதலாளி, ஊரில் பாதி பஸ் அவருடையது, நெட்டக்காவை அழைத்தார்.

"வெளியூர்லேருந்து ஒருத்தர் கோச்சா வர்றார். பெரிய படிப்பு, கணீர்னு குரல். அதுவரைக்கும் இந்த ஒரு மேட்ச்சைப் பாத்துக்கோம்மா. நல்லா நடத்திட்டா உன்னையும் யோசிக்கலாம்."

'யோசிக்கலாம்' போதாதா? வீட்டுக்கு நடந்து வந்தாளா பறந்து வந்தாளா என்று அவளுக்கே தெரியாது. சாப்பிடும்போதுதான் உறைத்தது: உதவிக் கோச் நாற்காலி இப்போது காலி. டைம் அவுட்டை யார் எண்ணுவது?

"நான் எண்றேன்டி," என்றாள் மாமியார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். "எதிர்ல முதல் வரிசையில உக்காந்து விரலைக் காட்டறேன். ஒண்ணு எடுத்தா ஒண்ணு மடக்குவேன்."

"அம்மா, நீங்க சண்டைக்குப் போகாம இருந்தா சரி," என்றான் அவள் மகன், நெட்டக்காவின் புருஷன்.

"வாய் பாட்டுக்கு வாய், விரல் பாட்டுக்கு விரல்டா!"

ஆட்டம் அப்படி ஒரு ஆட்டம். அரங்கத்தில் கத்திய கத்தலில் கூரையில் தூங்கிய புறா எல்லாம் மூன்று தெரு தள்ளிக் குடிபோய்விட்டன. முடிய சில நொடிகள். இரண்டு பக்கமும் சமம். பந்து நம் கையில். பெண்களை நிறுத்தி வழி சொல்ல வேண்டும். நெட்டக்கா எதிரே பார்த்தாள். மாமியார் நடுவரோடு மல்லுக்கு நின்றாள்.

"ஏம்பா, அது ஃபவுல் இல்லாம பின்ன என்ன, அன்பளிப்பா?"

ஆனால் ஒரு விரல் கம்பீரமாக நின்றது. நெட்டக்கா டைம் அவுட் கேட்டாள்.

விசில் ஒலித்தது. டைம் அவுட் எல்லாம் தீர்ந்திருந்தது! இல்லாததைக் கேட்டால் தண்டனை: எதிரணிக்கு யாரும் மறிக்காமல் எறிய ஒரு ஃப்ரீ த்ரோ, பிறகு பந்து மறுபடி நம்மிடம். மாமியார் தன் விரலையே யாரோ பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். போன தடவை திட்டுகிற மும்முரத்தில் மடக்க மறந்திருக்கிறாள்.

முதலாளி பெஞ்சுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். "யாரும்மா எண்ணினது?"

பெண்கள் ஐந்து பேரும் விறைத்துப்போனார்கள். யாரால! நெட்டக்கா விரலைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், கையில் வந்த வேலை வாசல்வரை போவதையும் பார்த்தாள்.

"கோச் நான்தான் சார். தப்பும் என்னோடதுதான்."

பெண்கள் பக்கம் திரும்பினாள். "இங்க பாருங்கடி. போற ஒரு பாயிண்ட் என் தலையில. யாருக்கு வழி தெரியுதோ அவ அடிக்கட்டும். உள்ள போகலையா, அதுவும் என் தலையில. இடம் நிறைய இருக்கு, ஆறடிக்கு மேல!"

ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எல்லாருக்கும். அதற்குள் எதிரணி ஃப்ரீ த்ரோவைப் போட்டுவிட்டது. ஒரு புள்ளி பின்தங்கல்.

பந்து ஊமைக்கோட்டானிடம் வந்தது. பேசமாட்டாள், கடைசி நிமிடத்தில் எறியவும் மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். எறிந்தாள்! பந்து வளையத்தின்மேல் சுற்றியது, சுற்றியது. அதற்குள் ஒரு காபி குடித்து டம்ளரையும் கழுவி வைத்திருக்கலாம். வெளியே விழுந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நம் பெண்கள் நின்ற இடத்திலேயே சாக்கு யோசிப்பார்கள். அன்று மூன்று பேர் ஒன்றாக எகிறினார்கள். கொக்கு என்று பேர்போன நட்சத்திர ஆட்டக்காரி ஒரு தட்டுத் தட்ட, பந்து உள்ளே! மணி அலறியது. புறாக்கள் இன்னும் இரண்டு தெரு தள்ளிப் போயின.

உடை மாற்றும் அறையில் முதலாளி தாடையைச் சொறிந்தார். "ஜெயிச்சோம், சரி. டைம் அவுட் எண்ணத் தெரியாத கோச்சை எப்படிம்மா வெச்சுக்கறது?"

மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எண்ணினவ நான். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"எண்றதுக்கு ஆள் கிடைக்கும் சார்," என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று எல்லாரும் தேடினார்கள். ஊமைக்கோட்டான்! "'யாரால'ன்னு கேக்காத கோச்சை எங்க போய்த் தேடுவீங்க?"

கொக்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "பதில் சொன்னாத்தான் நகருவேன் சார்."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா, நீதான் கோச். ஆனா வெளியூர்க்காரர் கிளம்பிட்டாரே, அவர்கிட்ட என்ன சொல்றது?"

"எதுல வர்றார்?" என்றாள் மாமியார்.

"நம்ம பஸ்லதான்."

"அப்ப என்ன அவசரம்? அவர் வந்து சேர்றதுக்குள்ள பருவமே முடிஞ்சுடும்."

உதவிக் கோச் நாற்காலி மாமியாருக்கே வந்தது. வேண்டாம் என்றுவிட்டாள். அங்கே உட்கார்ந்தால் நடுவரைத் திட்ட முடியாதாம்.