நிலத்தில் பாதி

ஹேஸ்டிங்ஸ் நகரில் மேவிஸ் பார்ஜிட்டர் தம் கீழ்த்தள வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போக விரும்பினார். வீடு நெடுங்குத்தகையில், அதாவது பல்லாண்டு அனுபவித்து பிறருக்கு விற்கவும் கூடிய உரிமையில், இருந்தது. அதன் அடிநிலத்தில் அவருக்குப் பாதி, மாடிவீட்டு க்ரௌச்சுக்குப் பாதி. க்ரௌச் இறந்து ஓராண்டாகியும் வாரிசு அகப்படாததால், மறுபாதிக்காரரின் கையெழுத்தின்றி மேவிஸால் தம் பங்கைக் கைமாற்ற இயலவில்லை.

"பங்கு இல்லாமலே வித்துடுங்கம்மா. விலைதான் கொஞ்சம் குறையும்," என்றார் தரகர். மேலே பூட்ஸ் காலடி கேட்டது. "மாடியில யாரு?"

"யாருமில்லப்பா. க்ரௌச் உயிரோட இருந்தப்பவும் வீட்டுக்குள்ள பூட்ஸைக் கழட்டினதே இல்ல."

தரகர் தேநீரை முடிக்காமலே எழுந்தார்.

மேவிஸ் குத்தகையை மட்டும் விற்றார். நிலப்பங்கு அவர் பெயரிலேயே நின்றது.

மகள் வீட்டுக்கு மாடி கிடையாது. போய்ச் சேர்ந்த மாலையிலேயே கூரைமேல் பூட்ஸ் நடந்தது.

"யாரும்மா அது?" என்றாள் மகள்.

"என் பங்காளி," என்றார் மேவிஸ்.