பாக்கியம் அக்காவின் வெற்றிலைப் பை

செய்தி வந்தபோது நான் கினிகத்தேனையைத் தாண்டிய கண்டி பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து சீட்டில் லெட்சுமி. வாயில் ஒரு சிறு அறுவை முடிந்து, அதற்குப் பிறகான கிளினிக்குக்கு அவளை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். போனில் பேசியது பாக்கியம் அக்காவின் மருமகள் செல்வி. "டீச்சர், அத்தை போயிட்டாங்க." இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். லெட்சுமி என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கிளினிக்க முடிச்சிட்டே போவோம் டீச்சர். பாதி வழியில திரும்புனோம்னா அக்கா எந்திரிச்சு வந்து திட்டுவாங்க."

அழுகைக்கு நடுவே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிளினிக் முடிந்த பிறகுதான் அக்காவைப் பார்க்கப் போனோம்.

ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாக்கியம் அக்காவைத் தெரியாதவர் இல்லை. முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். இடது கன்னமும் தாடையும் பாதி இல்லாத முகம். இதை வாசிக்கிற நம் தோட்டத்தார் உங்களில் பலரையும் "வாயத் தொறங்க" என்று அவர் அதட்டியிருப்பார். அந்த அதட்டலுக்குப் பயந்து தொழிலாளர் லயத்து வீடுகளின் பின்பக்கமாக நழுவியவர்களும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

அவருக்குக் கன்னத்தின் உட்புறம் புண் வந்த வருசம், தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதக்கணக்கில் விட்டமின் குளிசையும் தடவுகிற மருந்தும்தான் கிடைத்தன. கண்டிக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலை போகும், நாலரை மணிக்கே இருட்டில் இறங்கி நடக்க வேண்டும், போனாலும் யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது புண் புற்றாகி எலும்பைத் தொட்டிருந்தது; கன்னத்தையும் தாடையையும் பாதி வெட்டி எடுத்தார்கள். "ஏன் முந்தியே வரலேன்னு டொக்டரு சிங்களத்துல கேட்டாரு. மடுவத்துல கொழுந்து நிறுக்கிற அளவுக்குத்தான் எனக்கு சிங்களம் வரும். இவ்வளவு பெரிய கதைய எப்புடிச் சொல்றது? சும்மா தலைய குனிஞ்சிக்கிட்டேன்" என்றார் ஒருமுறை.

அதே சமயத்தில் டவுனில் ஒரு கடை முதலாளிக்கும் வாயில் அதே நோய். அவரைக் காரில் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். சீக்கிரமே கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டார், முகம் முழுசாக. அக்காவுக்கு அவர் மேல் கோபமே கிடையாது. "அவரு நல்லா இருக்கட்டும். நோவு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் டீச்சர், ரோடுதான் வேற வேற" என்பார். கோபமெல்லாம் எனக்குத்தான் வந்தது, இன்னும் போகவில்லை.

அந்த முகத்தோடு அவர் திரும்பி வந்து செய்த முதல் காரியம், இடுப்பில் ஒரு வெற்றிலைப் பையைச் செருகிக்கொண்டு லயம் லயமாகப் போனது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் எல்லோருக்கும் வெற்றிலை நீட்டிக்கொண்டிருந்தவரை ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்திவிட்டு வந்த வேகம் வேறு. "வெத்தலையால வாயிழந்த நீங்களே ஊருக்கெல்லாம் குடுக்கலாமா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அக்கா ஒரு பக்கமாகச் சிரித்தார். பையைக் கவிழ்த்துக் காட்டினார். வெறும் வெற்றிலையும் கராம்பும். பாக்கில்லை, சுண்ணாம்பில்லை, புகையிலை இல்லை.

"வாயக் காட்டுங்கன்னு நோட்டீஸ் ஒட்டுனா எவ காட்டுவா? வெத்தலைய நீட்டுனா நம்ம ஆளுங்க வேணாம்பாங்களா டீச்சர்? வாய் எரியுறவதான் வேணாம்பா. நான் தேடுறது அவளத்தான்."

படித்தவள் என்ற என் மிதப்பு அன்றோடு இறங்கிவிட்டது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு யோசனையை யாரும் சொல்லவில்லை.

லெட்சுமி அப்படி அகப்பட்டவள்தான். வெற்றிலையைப் பார்த்ததும், "இன்னைக்கு விரதம் அக்கா" என்றாள். "வெத்தல போடக் கூடாதுன்னு எந்தச் சாமிடி சொல்லுச்சு? வாயத் தொற!" உள்ளே நகமளவு வெள்ளைத் திட்டு. வேலை போய்விடும் என்று லெட்சுமி அழுதாள். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற கண்டாக்கு ஐயா முன்னால் அக்கா போய் நின்றார். "லெட்சுமி நாளைக்கு வேலைக்கு வரமாட்டா ஐயா. ஏன்னு கேக்குறதுன்னா, ஏம் மொகத்தப் பாத்துக்கிட்டே கேளுங்க." அவர் கேட்கவில்லை. கண்டியில் சிங்களம் பேச அக்கா என்னையும் இழுத்துப் போனார். நேரத்தோடு வந்ததால் சின்ன அறுவையோடு போயிற்று. லெட்சுமியின் கன்னம் முழுசாக இருக்கிறது.

நோய் கழுத்தில் திரும்பி வந்து கடைசி நான்கு மாதம் அக்கா படுக்கையில் கிடந்தார். ஒரு மாலை பையை என் பக்கம் நகர்த்தி, "இத நீங்க எடுத்துக்கங்க" என்றார். வெற்றிலைப் பையோடு பள்ளிக்கூட டீச்சர் திரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று, சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அந்த வெட்கத்தை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இறந்த வீட்டு வழக்கப்படி வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள் செல்வி. நான்கு மாதம் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, புண் கழுவி, கறுத்து மெலிந்திருந்தாள். ஆட்கள் குறைந்ததும், "நீயும் ஒண்ணு போட்டுக்கிட்டு செத்த உக்காரும்மா" என்று தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கொடுத்தேன்.

"வேணாம் டீச்சர்."

"ஏம்மா?"

"எரியுது. கொஞ்ச நாளாவே."

தோட்டம் முழுக்க வாய் பார்த்த வீட்டில், இவள் வாயைப் பார்க்க ஆளில்லாமல் போயிருக்கிறது. மாமியாருக்குத் தெரிந்தால் நிம்மதியாகச் சாகமாட்டார் என்று மறைத்தாளாம். அக்கா நீட்டிய அன்றே அந்தப் பையை நான் வாங்கியிருந்தால் இது எப்போதோ தெரிந்திருக்கும்.

அவளை உள்ளறைக்கு அழைத்துப் போனேன். போன் வெளிச்சத்தைப் போட்டு, "வாயத் தொற" என்றேன். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு சிறு திட்டு இருந்தது. சிறியதுதான்.

அக்காவை மண்ணுக்குக் கொடுத்த மூன்றாம் நாள், செல்வியும் நானும் முதல் பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனோம். டொக்டர் அவள் வாயைப் பார்த்துவிட்டு, நேரத்தோடுதான் வந்திருக்கிறீர்கள் என்றார். பாக்கியம் அக்காவுக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது. செல்விக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவளிடம் கேட்டு வாங்கிய அக்காவின் வெற்றிலைப் பை என் இடுப்பில் இருந்தது.