ராக்கெட்டுக்குப் படிக்கத் தெரியாது

ஆலையில் எல்லோரும் அவரை ராக்கெட் என்றுதான் கூப்பிட்டார்கள். வேகமான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே நிதானம். அவர் படித்துக் காட்டிய கதைகளில் ராக்கெட் வரும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். நான் அங்கே எடைக் குமாஸ்தாவாக இருந்தேன். கீழே எழுதுவதில் பெரும்பகுதி நான் நேரில் பார்த்தது. பார்க்காத இடங்களில் யார் சொன்னது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வெள்ளைக்கல்லை உடைத்து, அரைத்து, மாவாக்கி விற்கும் ஆலை அது. கண்ணாடிக்கும் பெயின்ட்டுக்கும் அந்த மாவு போகும். அரைப்பது ஒரு கட்டடம். சலித்து மூட்டை கட்டுவது பக்கத்துத் தகரக் கொட்டகை. சலிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ஆண்கள் நிரப்புவார்கள், தைப்பார்கள், தூக்குவார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது யார் அக்கா, யார் தங்கை என்று தெரியாது. புருவம் முதல் கால் நகம் வரை எல்லோரும் ஒரே வெள்ளை.

ராக்கெட்டின் வேலை மூட்டை நிரப்புவது. ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு அவர் நிரப்பியதில்லை. வாசலோரம் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கதை படிப்பார். அவர் பங்கு மூட்டைகளை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டிவிடுவார்கள். இது யாரும் போட்ட ஏற்பாடு இல்லை, தானாக வந்தது. கொட்டகைக்குள் இருந்த பல்பு வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. அதனால்தான் வாசல்.

படித்ததெல்லாம் அறிவியல் கதைகள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய பத்திரிகைகள், அட்டை போன தொகுப்புகள். கொட்டகைக்கு என்று பிடித்த கதைகள் சில இருந்தன. அவற்றை மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

இரவே வராத ஒரு கிரகத்தில் ஒருவன் பூமிக்கடியில் அறை வெட்டி இருட்டை வாடகைக்கு விடுகிறான். ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போய் அழுதுவிட்டு வருகிறார்கள். இது பெண்களுக்குப் பிடித்த கதை. ஒரு குழந்தையோடு கண்ணாமூச்சி விளையாடும் இயந்திரம், ஒளிந்த இடத்திலேயே காத்திருக்கிறது. குழந்தை வளர்ந்து வேறு ஊருக்குப் போய்க் கிழவியாகிச் செத்தும் போகிறாள். அதற்கு அது தெரியாது. இன்னும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாராவது, "அண்ணே, இந்தத் தடவையாவது அந்தப் புள்ளை வந்து கண்டுபிடிச்சதா படிங்களேன்" என்பார்கள்.

"எழுதினவன் எழுதாததை நான் எப்படிம்மா படிக்கிறது?" என்பார் ராக்கெட். ஒரு வரியைக் கூட மாற்றமாட்டார்.

மூன்றாவது கதையால்தான் மின்விசிறி நின்றது. நட்சத்திரங்களிலிருந்து ஏதாவது குரல் வருகிறதா என்று ஒரு பெண் வாழ்நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் மிக மெல்லிசாக ஒரு குரல் வருகிறது. அந்த வரியை ராக்கெட்டும் மெல்லிசாகத்தான் படித்தார். கொட்டகைச் சுவரில் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய விசிறி லாரிபோல இரைந்துகொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"என்ன சொல்லுச்சாம்? என்ன சொல்லுச்சாம்?"

சுவிட்சுக்குப் பக்கத்தில் சலித்துக்கொண்டிருந்த பெண் எழுந்து விசிறியை நிறுத்தினாள். ராக்கெட் மறுபடி படித்தார். குரல் இரண்டே கேள்விதான் கேட்டிருந்தது: அங்கே யாராவது இருக்கிறீர்களா, சாப்பிட்டீர்களா?

மூட்டை தைப்பவர் உடனே, "இல்லைன்னு பதில் போய்ச் சேர்றதுக்குள்ள கேட்டவன் கை கழுவி எந்திரிச்சிருப்பான்" என்றார். அவர் அந்தக் கொட்டகையிலேயே மூத்தவர். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு என் எடைமேடை வரை கேட்டது.

அதன் பிறகு கதை தொடங்கும்போது விசிறி நிற்கும். விசிறியை நிறுத்திய பெண்ணைத்தான் பின்னால் ராக்கெட் கல்யாணம் செய்துகொண்டார். "படிச்ச மாப்பிள்ளை" என்று தோழிகள் கேலி செய்வார்கள். "ஆமாடி, எனக்கு நிலாவிலயே வீடு பாத்திருக்காரு" என்பாள் அவள்.

மேஸ்திரிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததோடு பிடித்தும் இருந்தது. விசிறி ஓடினால் மிக நைசான மாவு வெளியே பறந்துபோகும். நின்றால் தரையில் படியும், கூட்டி மூட்டையில் போடலாம். "மாவும் மிச்சம், கரண்ட்டும் மிச்சம். நல்லாப் படிங்கய்யா" என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். சில நாள் கதவில் சாய்ந்து அவரும் கதை கேட்பார்.

ஆலையின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். சம்பளப் பட்டியலில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதத் தெரிந்தவரும் பெருவிரலை மையில் உருட்டித்தான் வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் பேனாவைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தால் காசாளருக்கு நேரமாகிறதாம். ராக்கெட் ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தார். "வேலை வேணுமா, கையெழுத்து வேணுமா?" என்றார் காசாளர். அன்றிலிருந்து ராக்கெட்டும் விரலை நீட்டினார்.

இருமல் முதலில் மூட்டை தைப்பவருக்கு வந்தது. பிறகு சலிக்கும் பெண்களுக்கு. இரண்டு பேர் செத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் எல்லோருக்கும் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரலில் கல்மாவு படிந்து இறுகிவிட்டது, திரும்பப் போகாது என்றார். ராக்கெட்டின் மனைவிக்கும் அதுதான். ராக்கெட்டின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் அதே கொட்டகையா?" என்று இரண்டு முறை கேட்டாராம். அவர் உட்கார்ந்தது வாசலில். வெளிக்காற்று அவருக்கு வந்தது. உள்ளே நின்றுபோன காற்று மற்றவர்களுக்கு. இது அவருக்கு அந்த அறையிலேயே புரிந்துவிட்டது என்று அவர் மனைவி சொன்னாள்.

நோய் வேலையால் வந்தது என்று தொழிலாளர் அலுவலகம் சான்று கொடுத்தால் ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஆக்சிஜனும் கடைசிவரை இலவசம். இல்லையென்றால் வீட்டில் பாயில் கிடந்து மூச்சுக்குத் தவிக்க வேண்டியதுதான். ஆலை மறுத்தது. நல்ல விசிறி வைத்திருந்தோம், கதை கேட்பதற்காகத் தொழிலாளர்களே அதை நிறுத்தினார்கள் என்று எழுதிக் கொடுத்தது. எழுதச் சொன்னவர் மேஸ்திரி.

தொழிலாளர் அலுவலகம் வைத்த விசாரணைக்கு முந்தின நாள் காலையில் தொழிற்சங்கத்துக்காரர் ராக்கெட் வீட்டுக்கு வந்தார். சம்பளப் பட்டியல்களை விசாரணைக்கு எடுத்துவரும் வேலை என் தலையில் விழுந்திருந்தது; எப்போது என்று அவரிடம் கேட்க நானும் அங்கே போயிருந்தேன். ஒரே அறை. சுவரோரம் அடுக்கிய புத்தகங்கள். அவர் மனைவி தலையணைகளை அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்தால்தான் மூச்சு வரும்.

"ஃபேன் ரொம்ப நாளா ரிப்பேர்னு எல்லாரும் சொல்லப் போறாங்க. நீங்களும் அதையே சொல்லிடுங்க" என்றார் சங்கத்துக்காரர்.

"நடந்ததைச் சொன்னா என்ன? மேஸ்திரியும்தானே நிறுத்தச் சொன்னான்? அதையும் சேர்த்துச் சொல்றேன்."

"அவன் சொன்னதுக்குச் சாட்சி யாரு? குமாஸ்தா வாயைத் திறந்தா வேலை போயிடும். நீங்க நிறுத்தினதுக்கு நீங்களே சாட்சி. பாதியை எழுதிக்குவான், மீதியை விட்டுடுவான். இத பாருங்க, கதை படிச்சதுனாலதான் ஃபேன் நின்னுச்சுங்கிறான் அவன். கதையே இல்லைன்னா ஃபேனை நிறுத்த நமக்கு என்ன வேலை?"

"நான் படிச்சது ஊருக்கே தெரியும்."

மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு அவர் மனைவி சொன்னாள்: "படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"ரேகைதான வச்சிருக்கீங்க இத்தனை வருஷமா. அவனே கேட்டு வாங்கினது. அவன் காகிதத்தை வச்சே அவன் வாயை அடைங்க."

"ஒரு வரி மாத்திப் படிக்காதவன்டி நான்."

"மாத்திப் படிக்கச் சொல்லலைங்க. படிக்கவே இல்லைன்னு சொல்லுங்க. உண்மையைச் சொல்லி யாருக்கு மூச்சு வரப் போகுது? நிறுத்தினது என் கை. அதுக்கு நான் ஒருத்தி போறேன். அவங்க எல்லாரும் என்ன பாவம் பண்ணாங்க?"

இவ்வளவு பேசியதற்கு அவள் நெடுநேரம் இருமினாள். ராக்கெட் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் கிளம்பிவிட்டேன்.

விசாரணை ஆலை அலுவலகத்திலேயே நடந்தது. அதிகாரி நடுவில், ஆலையின் வக்கீல் ஒருபுறம், மேஸ்திரி அவருக்குப் பின்னால். தொழிலாளர்கள் நடையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இருமல் நிற்பதற்குள் அடுத்தவருடையது தொடங்கும். ராக்கெட்டைக் கூப்பிட்டார்கள்.

"கொட்டகையில கதை படிச்சது நீங்கதானே?" என்றார் வக்கீல்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

மேஸ்திரி பாதி எழுந்தார். "பொய் சார்! தினம் படிப்பான் சார்! நானே கேட்டிருக்கேன்."

"நீங்களே கேட்டீங்களா?" என்று அதிகாரி திரும்பினார். "எப்ப? ஃபேன் நிக்கிறதையும் பார்த்துக்கிட்டா நின்னீங்க?"

மேஸ்திரி உட்கார்ந்துவிட்டார். வக்கீல் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். கொட்டகையில் கிடந்த ராக்கெட்டின் பத்திரிகைதான். கண்ணாமூச்சிக் கதை வந்த இதழ். பிரித்து அவர் கையில் கொடுத்தார். "இதுல என்ன இருக்கு?"

எழுத்தறிந்தவன் எழுத்தைப் படிக்காமல் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. கண் தானே ஓடும். அதிகாரி அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கெட் பக்கத்தின் மேல்மூலையில் இருந்த படத்தில் பார்வையை வைத்தார், அதை விட்டு எடுக்கவில்லை. கன்னத்தில் வேர்வை இறங்கியது.

"ராக்கெட் படம் போட்டிருக்குங்க. இந்தப் படத்தைக் காட்டிக் காட்டித்தான் எனக்கு இந்தப் பேரே வச்சாங்க."

நடையில் யாரோ சிரித்தார்கள், மூட்டை தைப்பவராகத்தான் இருக்கும். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "உங்க பட்டியல்ல இவர் கையெழுத்து இருக்கா?"

"ஒரு இடத்துலயும் இல்லைங்க. எல்லா மாசமும் ரேகைதான்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். பட்டியல்களை அவர் முன் வைத்தேன்.

வாக்குமூலத்தின் கீழே ராக்கெட் பெருவிரலை உருட்டினார். விரலைத் துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

சான்று கிடைத்தது. கொட்டகைக்காரர்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டு. ஆனால் ஆலை மேல்முறையீடு செய்தது. "இனிமே உங்க கையில ஒரு காகிதத்தைக் கூட யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தா எல்லார் ஆக்சிஜனும் போயிடும்" என்று சங்கத்துக்காரர் எச்சரித்தார். புத்தகங்கள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கே திரும்பிப் போயின. பேருந்து நிறுத்தத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம், "இது எங்கம்மா போற பஸ்?" என்று கேட்டதைப் பார்த்தேன். பலகை அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வார்டுக்குப் போயிருந்தேன். ராக்கெட் மனைவியின் கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "கண்ணாமூச்சிக் கதை சொல்லுங்க" என்று அவள் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். முதல் வரிக்கு மேல் வரவில்லை.

"புத்தகம் இல்லாம வர மாட்டேங்குதும்மா."

அவர் படிக்கிறவர், சொல்கிறவர் இல்லை. இத்தனை வருஷம் பழகியும் அது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அவளே ஆரம்பித்தாள். ஒரு வரி சொல்லி, முகமூடியை வைத்து மூச்சு இழுத்து, அடுத்த வரி. அவள் நின்ற இடத்தில் எதிர்க் கட்டில்காரி எடுத்துக்கொண்டாள். எல்லாம் புத்தகத்தில் இருந்த அதே வாக்கியங்கள்.

"மாடிப்படிக்குக் கீழ ஒளிஞ்சுச்சு."

"மாடிப்படி இல்லடி, பரண்."

"பரண்ல ஏறுனா இயந்திரம் கனத்துக்குப் பரணே விழுந்துடுமே, அறிவு வேணாமா?" என்றார் மூட்டை தைப்பவர். குரலுக்குப் பதில் விசில்தான் வந்தது.

"மாடிப்படிக்குக் கீழதான்" என்றார் ராக்கெட். அவர் சொன்னது அவ்வளவுதான். கதை வார்டு முழுக்கச் சுற்றிவந்து முடிந்தது. பிள்ளை வரவில்லை. இந்த முறை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அவள் அந்த மாதமே போய்விட்டாள். மேல்முறையீடு அப்போதும் முடிந்திருக்கவில்லை. உடலை வாங்க நானும் அவரோடு போனேன். ஆஸ்பத்திரி எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார், ராக்கெட் பதில் சொன்னார். வயது கேட்டபோது நாற்பத்தொன்று என்றார். எழுத்தர் அறுபத்தொன்று என்று எழுதினார். பிணவறையில் அவளைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ராக்கெட்டின் கண் அந்த எண்ணில் நின்றது. உதடு அசைந்தது. உடனே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வயசு தப்பா இருக்கு" என்றேன் நான்.

எழுத்தர் அடித்து, மேலே நாற்பத்தொன்று என்று எழுதினார். படிவத்தை ராக்கெட்டின் பக்கம் தள்ளி, "இப்ப சரியா, பாருங்க" என்றவர், ரேகைக்காக எடுத்துவைத்த மைப்பெட்டியைக் கண்டதும் நினைவு வந்தவராய்ப் படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"அவருக்கு எங்க தெரியப் போகுது. சார், நீங்க பார்த்துச் சொல்லுங்க."

முழுவதையும் படித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சொன்னேன்.